முக்கூடல் துறைச் செவந்தி

ஜெபராணி டீச்சர் பொய் சொன்னாள் என்றால் அவளிடம் படித்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். பாளையங்கோட்டையில் காலமெல்லாம் வரலாறு நடத்தியவள். ஆதாரமில்லாமல் பரீட்சைத் தாளில் ஒரு வரி இருந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு பொய் சொன்னாள், அதுவும் அருங்காட்சியகத்தில் நின்றுகொண்டு.

அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் மாதம் ஒருமுறை 'நம்ம ஊர் வரலாறு' என்று பேச்சு நடக்கும். யாராவது ஒருவர் தன் ஊரைப் பற்றிப் பேச, மற்றவர்கள் சுக்குக் காப்பி குடித்தபடி கேட்பார்கள். ஆனி மாதம் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். காப்பாளர் வில்சன் கையைப் பிசைந்துகொண்டு வந்து, வாசலில் கிடக்கும் கல்லைப் பற்றியாவது நாலு வார்த்தை சொல்லும்படி டீச்சரைக் கெஞ்சினார்.

முக்கூடல் ஆற்றுத்துறையில் கிடைத்த கல் அது. ஒரு பெண் நிற்பதுபோலத் தேய்ந்த உருவம். பக்கத்தில் 'விவரம் தெரியவில்லை' என்று சீட்டு. விவரம் தெரியாத கல்லைப் பற்றி எவ்வளவுதான் பேச முடியும்? பின்வரிசையில் ஒருவர் போனைப் பார்த்தபடியே வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். வகுப்பில் கொட்டாவியைப் பொறுத்துக்கொண்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"இந்தப் பிள்ள பேரு செவந்தி" என்று வாயில் வந்துவிட்டது.

அதன்பின் கதை தானாக ஓடியது. வெள்ளத்தில் போன ஒரு கைக்குழந்தையைச் செவந்தி கரைக்குத் தள்ளிவிட்டாள். பிறகு மருதமர வேரைப் பிடித்துக்கொண்டாள். கரையேறியிருப்பாள். ஆனால் பின்வரிசைக்காரர் இன்னும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபராணி கதையில் அந்த வேரை அறுத்துவிட்டாள்; செவந்தி வெள்ளத்தோடு போனாள். கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்களே, வீட்டுக்கு நடக்கும்போது அதை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அடுத்த மாதம் அந்தக் கல்லில் யாரோ மஞ்சள் பூசியிருந்தார்கள். அதற்கடுத்த மாதம் பூ. முக்கூடலில் பீடி சுற்றும் மைதீன் பாத்திமா, பேச்சுக்குத் தவறாமல் வருபவள், டீச்சரைத் தேடி வந்தாள். துறையில் சிமிண்டுப் பீடம் எழும்பிவிட்டதாம். முங்கப்போன பிள்ளை ஒன்றை யாரோ கரையில் தூக்கி வைத்தார்களாம். அகாலத்தில் போன கன்னிக்குப் பீடம் போடாமல் விடுகிற சீமையா இது?

"பாத்தவங்க சொல்லுதாவ டீச்சர், ஒத்தக் கால்லதான் கொலுசு போட்டிருக்காளாம்."

ஜெபராணி பாத்திமாவை நிமிர்ந்து பார்த்தாள். அன்று அருங்காட்சியகத்தில் பேசும்போது அவள் மனக்கண்ணில் செவந்தியின் ஒற்றைக் காலில்தான் கொலுசு கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மற்றொன்று எங்கே என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். அதைச் செவந்தி தன் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறாளாம் என்றாள் பாத்திமா. அன்று சாயங்காலம் ஜெபராணி தன் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். பிள்ளை பெறாத வீட்டில் என்ன கொலுசு கிடைக்கும்? தேடியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

இதற்குள் வில்சன் பேச்சுகளையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புத்தகமாக அச்சடிக்க ஏற்பாடு செய்துவிட்டார். செவந்தியின் கதை முதல் கதை, கீழே ஜெபராணியின் பெயர். அது அச்சேறினால் அவள் அடித்த சிவப்புக் கோடெல்லாம் எதற்கு? தூக்கம் போயிற்று. கடைசியில் வில்சனிடம் உண்மையைச் சொன்னாள்.

"புத்தகத்துல எடுத்திருவோம். ஆனா முக்கூடல்காரங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க டீச்சர். நான் சொன்னா அடிச்சிருவாவ."

கோயில் கொடைத் திருவிழா நடக்கும் தெருவென்றால் சுற்றிப் போகிறவள், செவந்திக்கு மத்தியானப் பூசையான உச்சிக்கொடை நடந்த அன்று முக்கூடலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். கரை கொள்ளாத சனம். அவள் போய் நின்றதும் மேளம் தானாக நின்றது. யாரும் நிறுத்தச் சொன்னதாகத் தெரியவில்லை.

"செவந்தின்னு ஒரு பிள்ள இல்ல. கூட்டம் கேக்கணுமேன்னு நான் கட்டுன கதை அது. எல்லாரும் என்னய மன்னிக்கணும்" என்றாள்.

ஏச்சு விழும், மண்ணள்ளித் தூற்றுவார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பாத்திமா பைய வந்து கையைப் பிடித்தாள்.

"தெரியும் டீச்சர். போன வெள்ளிக்கெழமையே செவந்தி ஒரு பிள்ள மேல எறங்கிச் சொல்லிட்டா. எங்கம்மா வந்து நான் இல்லன்னு சொல்லுவா, கோவப்படாதிய, என்ன விட்டா அவளுக்கு வேற பிள்ள கெடையாதுன்னு."

கூட்டம் விலகி வழிவிட்டது. பீடத்தருகே, செவந்தி இறங்கிய அந்தப் பெண் நின்றாள். பெயர் பிரியதர்ஷினி, பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதுபவள், அருங்காட்சியகம் எந்தத் திசை என்றே அறியாதவள் என்று பாத்திமா காதில் சொன்னாள். அவள் ஆடவில்லை, கூச்சலிடவில்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, இத்தனை வெயிலிலும் நிற்கவில்லை. கிட்டே வந்து ஜெபராணியின் கன்னத்தில் கை வைத்தாள். கை ஆற்று மணலைப்போல் குளிர்ந்திருந்தது.

"என்னக் கரையேத்தி விட்டிருக்கலாம்லா, அம்மா."

ஓடிவிடத்தான் தோன்றியது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. பதில் அவளுக்குத் தெரியும். செத்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்று கொன்றாள். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

"தப்புதான் மக்கா" என்றாள். "அம்ம உன்னய விட்டிருக்கக் கூடாது."

கரையில் பெண்கள் குலவையிட்டார்கள்.