மார்லிஸ் ஓட்டிப் பார்த்த படகுகள்

எங்கள் கடையில் இரண்டு கம்பெனிகளின் அலுமினியப் படகுகளை விற்கிறோம். பிர்கென் ரிவெட் அடித்தது, டாமராக் வெல்டிங் வைத்தது. மினசோட்டாவில் இந்த இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் கல்யாண வீட்டிலும் சண்டை வரும்.

அந்த வசந்தத்தில் ஏரியின் பனி உருகிய வாரமே டெல்மரும் அவர் மனைவி மார்லிஸும் வந்தார்கள். டெல்மர் பரம்பரை பிர்கென்காரர். பழைய படகு ஒழுக ஆரம்பித்திருந்தது.

"அதே மாதிரி புதுசு ஒண்ணு குடு கர்ட், போயிடறோம்" என்றார் என்னிடம்.

"எனக்கு டாமராக்" என்றாள் மார்லிஸ்.

"அது சோப்பு டப்பா."

"உன்னுது சல்லடை."

நான் நடுவில் புகுந்து, "ரெண்டையும் தண்ணியில விட்டுப் பாத்துடுங்க" என்றேன். மூவருமாகப் படகுத்துறைக்குப் போனோம். காற்று பலமாக இருந்தது.

முதலில் பிர்கென். டெல்மர் வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்து மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்தார். மார்லிஸ் முன்பலகையில். திரும்பி வந்தபோது டெல்மர் காய்ந்திருந்தார். அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாத்தியா, எவ்வளவு சுகம்!" என்றார் டெல்மர்.

மார்லிஸ் டாமராக்கில் ஏறி, ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள். "சாவி."

"நீ ஓட்டினதே இல்லையே?"

"நீ விட்டதில்லையே."

டெல்மர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். அவர் முன்பலகைக்குப் போய் உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

துறையைத் தாண்டியதும் முதல் அலை அவர் மடியில் விழுந்தது. இரண்டாவது முகத்தில் அறைந்தது.

"அம்மா தாயே, மெதுவா!"

"என்ன? மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல! நீ இப்படித்தானே சொல்லுவ?" என்று கத்தினாள் அவள். பிறகு சிரித்துவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

கரைக்கு வந்ததும் டெல்மர் தொப்பியைப் பிழிந்தார். "இவ்வளவு தண்ணியா அடிக்குது அங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன் டெல்மர்."

அவர் தலையை ஆட்டினார். என் பக்கம் திரும்பி, "டாமராக்குக்கே பில் எழுது கர்ட்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"இரு, பிர்கெனையும் ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்" என்றாள் மார்லிஸ்.

அதில் தனியாகவே போனாள். கைப்பிடி பழகாமல் முதலில் கோணல்மாணலாகப் போயிற்று. பிறகு நேரானது. அலையை வெட்டிக்கொண்டு தூரத்துத் தீவைச் சுற்றி வந்தாள். டெல்மர் ஈரச் சட்டையோடு நடுங்கியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் ஓட்டுறா" என்றார்.

இறங்கியவள், "உள்ளதைச் சொல்லணும்ல, அலையில இதுதான் நல்லா போகுது. இதையே வாங்கலாம். ஆனா பின்னாடி நான்தான்" என்றாள்.

மீன்பிடிப் பருவம் தொடங்கிய நாளில் அவர்களை ஏரியில் பார்த்தேன். பின்னால் மார்லிஸ், கைப்பிடியோடு. முன்னால் டெல்மர், மஞ்சள் மழைக்கோட்டில். என்னைக் கண்டதும் ஒரு கொழுத்த 'வால்-ஐ' மீனைத் தூக்கிக் காட்டினார்.

"கை சும்மா இருக்குதா, மீன் பிடிக்க நேரம் கிடைக்குது!" என்று கத்தினார்.