சூடேறாத டிரம்

துணி காயவைக்கும் டிரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே கம்பளிகள் தொப் தொப்பென்று விழுந்துகொண்டும் இருந்தன. சூடு மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் சுற்றிய கம்பளியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சலவைக்கூடத்துப் பெண்கள் காலையிலிருந்தே குசுகுசுத்தார்கள். சயாமிலிருந்து மூட்டைகள் வர ஆரம்பித்த நாள் முதலே இப்படித்தான். அங்கே ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போய்ச் செத்தவர்களின் சட்டையும் கம்பளியும் இங்கே வரும். வெளுத்துக் காயவைத்து, அடுத்துப் போகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். நாட்டில் துணிப் பஞ்சம் அப்படி. செத்தவன் உள்ளே மூச்சு விடுகிறான், அப்புறம் எப்படிச் சூடாகும் என்றார்கள் பெண்கள். பேய்க்கு வேறு வேலை இல்லை பாருங்கள், டிரம்முக்குள் உட்கார்ந்து ஊதுகிறதாம். இருந்தாலும் டிரம்மின் வாய்ப்பக்கம் யாரும் போகவில்லை.

இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் தம்புசாமிக்குப் பேயைவிட ஜப்பான் மேலாளரிடம்தான் பயம். நாலு மணிக்குள் இருநூறு கம்பளியும் காயாவிட்டால் சயாம் போகும் வெள்ளிக்கிழமை ரயிலில் நீ ஏறு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அது வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் இங்கே இரண்டு பிட்டர்கள் இருந்தார்கள். ஒருத்தன் போதும், யார் போவது என்று மேலாளர் கேட்டான். தம்புசாமி யோசிக்கவே இல்லை. "சின்னையா" என்றான். சின்னையா அப்போது பக்கத்து அறையில் பாய்லர் அடுப்புக்கு ரப்பர் மரக்கட்டை போட்டுக்கொண்டிருந்தான். பெயர் கொடுத்தது யார் என்று அவனுக்குக் கடைசி வரை தெரியாது.

அன்றிலிருந்து தம்புசாமிக்கு ஒரு பழக்கம். வேலை மும்முரத்தில், திரும்பாமலே பின்னால் கையை நீட்டுவான். ஸ்பானரை யாராவது கையில் வைப்பார்கள் என்று காத்திருப்பான். யாரும் வைப்பதில்லை. ஆனால் யாரோ நிற்பது மட்டும் முதுகுக்குத் தெரியும்.

அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பாய்லரில் நீராவி குறையில்லை. உள்ளே போகும் குழாயில் கை வைக்க முடியவில்லை. திரும்பி வரும் குழாயும் கொதித்தது. அப்படியென்றால் சூடு இருக்கிறது, டிரம்முக்குள் போகத்தான் வழியில்லை. காற்று எங்கோ அடைத்திருக்கிறது. பஞ்சுத் தூசி சேரும் பெட்டியைத் திறந்தான். துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. அதைச் சுத்தம் செய்வது சின்னையாவின் பெண்சாதி நல்லம்மாளின் வேலை. பெட்டிக்குப் பின்னால் இருந்த தகட்டைக் கழற்றிக் காற்றுக் குழாய்க்குள் கையை விட்டான். ஈரமாக ஏதோ விரலில் பட்டது. இழுத்தான்.

ஒரு சட்டை. தோளில் பச்சைச் சேலைக்கரையை வெட்டி வைத்த ஒட்டு. கோலாலம்பூர் ஸ்டேஷனில் சின்னையா ரயிலேறியபோது போட்டிருந்த சட்டை.

நல்லம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலையில தொட்டியில கைக்கு வந்துச்சுண்ணே. என் தையல் எனக்குத் தெரியாதா? இத இன்னொருத்தன் போட்டுக்கிட்டுச் சாகப் போறதா? வாசல்ல காவல்காரன் தடவிப் பாக்கறான். வேற எங்க ஒளிப்பேன்?"

அவள் அழவில்லை. அழுதால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"நான் வீட்டுக்குக் கொண்டாந்து தரேன் தங்கச்சி. நீ போ," என்றான்.

டிரம் சூடாகி, மூன்றரைக்கே கம்பளிகள் காய்ந்தன. பஞ்சு அடைத்திருந்தது என்று மேலாளரிடம் சொன்னான். அதற்கு முன்பே பாய்லர் அறையில் தன் சட்டையைக் கழற்றி நெருப்பில் போட்டுவிட்டு, சின்னையாவின் சட்டையை ஈரத்தோடு மாட்டியிருந்தான். சட்டையோடு வந்தவன் சட்டையோடு போனால் யார் கேட்கப் போகிறார்கள்? வாசலில் காவல்காரன் அவனைத் தடவினான். இடுப்பு, கை, தோளில் இருந்த பச்சை ஒட்டு. போ என்றான்.

வெயில் இறங்குவதற்குள் நல்லம்மாளின் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் சட்டையைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தாள். பிறகு அந்த ஒட்டின் மேல் கையை வைத்தாள். விரல்கள் தையலைத் தடவின.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்ண்ணே," என்றாள். "எங்களுக்குன்னு யாருண்ணே இருக்கா?"

அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு சட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருப்பான்.

"பேரைக் கொடுத்தது நான்தான்," என்றான். "ஒருத்தன் போகணும்னான். உன் புருஷன் பேரைச் சொல்லிட்டேன்."

நல்லம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். தம்புசாமி தலையைக் குனிந்தபடி பித்தானைக் கழற்ற ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்குப் போனபோது அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

"கழட்டாத. நீயே போட்டுக்க."

கதவைச் சாத்தினாள்.

அவனிடம் வேறு சட்டை இல்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அதையே போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். அதற்கு அடுத்த நாளும். தொட்டியருகே நின்ற நல்லம்மாள், தோளில் பச்சை ஒட்டோடு ஒருவன் கடந்து போகும்போதெல்லாம் துவைப்பதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை.