இருநூற்றுப் பன்னிரண்டு அடி

ரமோனாவின் கையிலிருந்த சீட்டில் பதினேழு என்று எழுதியிருந்தது. நகரசபையில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ஒன்பதாவது ஆளான போதகர், மணி அடித்த பிறகும் நிறுத்துவதாயில்லை. பள்ளிக்கும் பிள்ளைகள் காப்பகத்துக்கும் முந்நூறு அடிக்குள் கஞ்சாக் கடை கூடாது, இருப்பதையும் மூட வேண்டும் என்பது அன்றைய தீர்மானம்.

சட்டப்படி நடக்கும் அப்படியொரு கடையில்தான் ரமோனா இரண்டு வருடமாகச் சரக்கை நிறுத்துப் பொட்டலம் போடுகிறாள். அதற்கு முன்பு மோட்டலில் நாளுக்குப் பதினெட்டு அறை துடைத்து முதுகு போயிற்று. கடையில் உட்கார ஸ்டூல் உண்டு.

பக்கத்தில் டெல்ஃபினா, மடியில் பச்சை மிளகாய் புரிட்டோ ரொட்டிச் சுருளோடு. கடைக்கு எதிர்ச்சாரியில் தன் வீட்டிலேயே ஏழு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். ரமோனாவின் மூன்று வயது மகள் இசேலாவும் அவளிடம்தான்.

"இந்தப் போதகர் போன வாரம் உங்க கடையில முட்டி வலிக்குக் கஞ்சாத் தைலம் வாங்கினாரேடீ?"

"சும்மா இரு அக்கா, சிரிச்சுத் தொலைச்சிடுவேன்."

நகரசபை அதிகாரி திரையில் வரைபடம் போட்டார். ரமோனாவின் கடைவாசலிலிருந்து ஒரு மஞ்சள் வீட்டுக்குச் சிவப்புக் கோடு. "உரிமம் பெற்ற காப்பகம். இருநூற்றுப் பன்னிரண்டு அடி."

டெல்ஃபினா மெல்வதை நிறுத்தினாள். "அது என் வீடுடீ."

லைசென்ஸ் இருந்தால்தான் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசு தரும் என்று டெல்ஃபினாவை நச்சரித்ததே ரமோனாதான். விண்ணப்பத்தையும் கடையில் சாப்பாட்டு வேளையில் அவள்தான் நிரப்பினாள்.

"லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துரட்டா?"

"மத்த ஆறு பிள்ளைங்களோட அம்மாங்க எங்க போவாங்க? பேசாம உக்காருக்கா."

பதினேழைக் கூப்பிட்டார்கள். மைக் அவள் உயரத்துக்கு இறங்கவில்லை. எக்கி நின்று பேசினாள்.

"நீங்க காப்பாத்தணுங்கிற பிள்ளைங்கள்ல ஒண்ணு என் மக. அம்மாவுக்கு வேலை இருந்தாத்தான் அரசாங்கம் கட்டணம் குடுக்கும். கடையை மூடினா என் மகளுக்கு அந்த வீட்டுல இடம் இல்ல. அவளை நான் எங்க விடட்டும்? நீங்களே சொல்லுங்க."

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நன்றி அம்மா. பதினெட்டு."

ஐந்துக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

கடை மூடிய வாரம் இசேலாவின் போர்வையை டெல்ஃபினா மடித்துக் கொடுத்தாள். "ஒரு மாசம் சும்மா பாத்துக்கறேன்டீ."

"உன் வாடகையை யாரு குடுப்பா? அந்த இடத்துக்கு வேற பிள்ளை காத்திருக்குக்கா."

சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, இருவருக்கும்.

மோட்டலில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், கூப்பிட்ட நாளைக்கு மட்டும். அதை வேலை என்று அரசு எழுதிக்கொள்ளாது.

அறைகளுக்குப் படுக்கை விரிப்பு கொண்டுபோகும் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் துண்டுகளை ஒதுக்கி ரமோனா இடம் பண்ணியிருந்தாள். முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள். பக்கத்தில் பிளீச் வாளி. தாழ்வாரத்தில் மேலாளரின் செருப்புச் சத்தம் கேட்டதும் வண்டியை மெல்லத் தட்டினாள்.

போர்வைக்குள்ளே இசேலா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.