திருவிருந்துக்குப் போகாத ஞாயிறு

இதை எவ்வளவு சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. ஆண்டு தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா என்பதிலேயே சந்தேகம். முதல் நாள் இரக்கத்தால்தான் செய்தேன் என்று நம்புகிறேன். அதுவும் உறுதியில்லை.

கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரியார் நிலையத்தில் காலை ஏழு மணி பஸ். பேக்கிங்கில் வேலை பார்த்த ஹம்சவேணி திருப்பரங்குன்றத்தில் ஏறுவாள். ஒருமுறை அவளுக்குக் காலில் சுளுக்கு; கூட்டத்தில் நிற்க முடியாமல் தவித்தாள். மறுநாள் பெண்கள் பக்கத்து சீட் ஒன்றில் அவளுக்காகக் கைக்குட்டையைப் போட்டு வைத்தேன். சுளுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. நான் ஏழு மாதம் போட்டேன்.

அவள் "தேங்ஸ்ண்ணே" என்பாள். கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவ்வளவுதான். ஆனால் பசுமலை தாண்டும்போதே நான் தலையைச் சீவிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். வீட்டில் என் மனைவி தமிழ்ச்செல்வி ஏதாவது சொன்னால் இரண்டாவது தடவைதான் காதில் விழும். நினைப்பு வருவதை யார் தடுக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்குட்டையை எடுத்துப் போட்டது என் கைதான்.

ஒரு சனிக்கிழமை கீரைக்கூடையோடு ஏறிய அம்மா ஒருத்தி அந்த சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"யாருக்குய்யா எடம்? பொண்டாட்டிக்கா?"

"ஆமா" என்றேன்.

"குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே வந்தாள். ஹம்சவேணி ஏறியதும் கூடையை நகர்த்தி வழிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பொய் என் வாயில் எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

மறுநாள் திருவிருந்து ஞாயிறு. எங்கள் சபையில் மனத்தாங்கலில் இருப்பவர்கள் சமாதானமாகும்வரை திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போகமாட்டார்கள். யார் எழுந்திருக்கவில்லை என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தமிழ்ச்செல்வி தனியாகப் போய் வந்தாள்.

சபையே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: எனக்கும் என் அண்ணன் வெள்ளைத்துரைக்கும் மறுபடியும் ஏதோ சண்டை. சாயங்காலமே ஆயர் அவரை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அண்ணன் ஒரு பை கொய்யாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"நான் என்னடா செஞ்சேன்? வாயத் தொறந்து சொல்லு. மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்."

ஏதாவது ஒரு பழைய மனத்தாங்கலைச் சொன்னால் போதும். ஆயர் ஜெபம் பண்ணுவார், அண்ணன் என்னைக் கட்டிப்பிடிப்பார், திங்கட்கிழமை பஸ்ஸில் எப்போதும்போல் சீட் போடலாம். அந்த வழி அவ்வளவு சுலபமாக இருந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன்.

"ஒங்க மேல ஒண்ணுமில்லண்ணே. தப்பு என்கிட்டதான்."

ஆயர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். தமிழ்ச்செல்வி கேட்டாள். பஸ், கைக்குட்டை, கீரைக்காரம்மாவிடம் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொய்யாப்பழங்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியவே வேணாம். அந்த பஸ்ஸ விட்ருங்க."

"ம்."

"எனக்காகன்னு சொல்லிக்கிட்டு விடாதீங்க. அப்புறம் என் மேல கோவம் வரும்."

திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் போனேன். கம்பெனி கேட் திறக்கும்வரை வெளியே காத்திருப்பேன். முதல் மாதம் சிரமமாக இருந்தது. ஒருநாள் ஹம்சவேணி, ஏழு மணி பஸ்ஸில் காணோமே என்று கேட்டாள். முந்தின பஸ்ஸில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். மூன்று மாதம் கழித்துத்தான் திருவிருந்துக்கு எழுந்தேன். தமிழ்ச்செல்வி பழையபடி பேச அதற்கும் மேல் ஆனது.

ஹம்சவேணி அடுத்த வருஷம் கல்யாணமாகி சேலம் போய்விட்டாள். அண்ணன் இரண்டாயிரத்து நான்கில் சர்க்கரை நோயில் இறந்தார். நான் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. ஆயர் மாற்றலாகிப் போனார். கம்பெனியை மூடிவிட்டார்கள். நானும் தமிழ்ச்செல்வியும் அதே வீட்டில் இருக்கிறோம்.