நீளமூக்கு ரிவால்வர்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கும் ரெங்கராஜுக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு உண்டு. சினிமாவால் பேர்பெற்ற ரிவால்வர்களைச் சேர்ப்பார். நிஜத் துப்பாக்கி அல்ல. அதே அளவு, அதே எடையில் இரும்பில் வார்த்த மாதிரிகள். குழாயை ஈயத்தால் அடைத்திருப்பார்கள், தோட்டா நுழையாது. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போகும் சாமான்களோடு எப்போதாவது ஒன்று வரும். பழைய சாமான் கடை வைத்திருக்கும் கீழக்கரை சுஐபு அதை ஒதுக்கி வைத்துவிட்டு போன் போடுவார்.

அப்படிச் சேர்ந்தவை ஐந்து. கறுப்பு வெள்ளைப் படங்களில் துப்பறிவாளர் கோட்டுப் பையிலிருந்து எடுக்கும் குட்டை ரிவால்வர், வெள்ளைக்காரத் துரைகள் இரண்டாக மடக்கித் தோட்டா போடும் ரகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருந்தது. அவர் உயிரை வைத்திருந்தது கௌபாய்களின் குதிரைப் படங்களில் வரும் கறுப்பு நீளமூக்கின் மேல். அதன் பின்பக்கத்தில் சுத்தியல் மாதிரி நிற்கும் குதிரையைக் கட்டைவிரலால் இழுத்தால் நாலு சத்தம் வரும். க்ளிக், க்ளிக், க்ளிக், க்ளிக். நாலாவது சத்தத்தில் சிலிண்டர் சுழன்று கச்சிதமாக நிற்கும். இரும்பைக் கடைந்து பிழைக்கிற மனுஷனுக்கு அந்த நாலு சத்தத்தின் அருமை தெரியும்.

"பொம்மத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு அங்க என்ன பண்றீங்க? இங்க பம்புசெட்டு ஓடாமக் கெடக்கு" என்பாள் அறந்தாங்கியிலிருந்து அவர் மனைவி உமாராணி. அவள் சொல்வதும் நியாயம்தான் என்று அவருக்கும் தெரியும்.

போன வருடம் ஜனவரியில் சுஐபு ஓர் ஆளைப் பட்டறைக்கே அழைத்து வந்தார். விமல் என்று பேர், சினிமா கம்பெனியின் மேனேஜர். பாலைவனத்தில் ஷூட்டிங். சென்னையிலிருந்து அனுப்பிய துப்பாக்கிப் பெட்டி நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஹீரோவின் கால்ஷீட்டோ மூன்றே நாள்.

"அண்ணே, நீங்கதான் தெய்வம். பர்மிஷன் பேப்பர் எல்லாம் ரெடி. மூணே நாள். டைட்டில்ல உங்க பேரு வரும். ஷூட்டிங் பாக்க நீங்களும் வாங்க."

ரெங்கராஜ் சுஐபின் முகத்தைப் பார்த்தார்.

"குடுப்பா. பொட்டிக்குள்ளயே கெடந்து என்ன பண்ணப் போவுது? படத்துல வந்த துப்பாக்கியத் தேடித் தேடி வாங்குற. ஒன் துப்பாக்கியே படத்துல வரப்போவுது" என்றார் சுஐபு.

அந்தச் சொல்லில் ரெங்கராஜ் விழுந்துவிட்டார். மறுநாள் நீளமூக்கைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது, விமலின் கையைப் பிடித்து நிறுத்தி இழுத்துக் காட்டினார். "மெதுவா இழுக்கணும் தம்பி. விசைய அமுக்கிக்கிட்டு உள்ளங்கையால படபடன்னு அடிக்கக் கூடாது. உள்ள ஸ்பிரிங்கு போயிரும். மண்ணு படவே கூடாது." போதாததற்கு அதையே ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை லீவில் இரண்டு வண்டி மாறி ஷூட்டிங் நடக்கும் இடத்துக்குப் போனார். கயிறு கட்டியிருந்த இடத்தில் காவலாள் மறித்தான். விமல் பேரைச் சொன்னார், போனையும் நீட்டிக் காட்டினார். "ருகோ பாய், ருகோ" என்று காத்திருக்கச் சொன்னான் அவன். விமல் போனை எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். தூரத்தில் குடைகளும் ஒரு கிரேனும் தெரிந்தன. அப்புறம் ஒரு வண்டி நகர்ந்தது, ஹீரோ கண்ணில் பட்டார்.

நீளமூக்கு அவர் ஆள்காட்டி விரலில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் நழுவி மணலில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் ஓடிப் போய் எடுத்து, சட்டையில் ஒரு தேய் தேய்த்துக் கொடுத்தான். மறுபடி சுற்றினார், மறுபடி விழுந்தது. அடுத்ததாக ஹீரோ விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் குதிரையைப் படபடவென்று அடித்தார். எதைச் செய்யக் கூடாது என்று ரெங்கராஜ் எழுதிக் கொடுத்தாரோ, அதையேதான்.

"சார்! அடிக்காதீங்க சார்!" ரெங்கராஜ் தொண்டை கிழியக் கத்தினார். காவலாள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "சுப் பாய், சுப். கலாஸ், ஜாவ்" என்று வாயை மூடிக்கொண்டு கிளம்பச் சொன்னான்.

மூன்று நாள் என்றது மூன்று வாரத்தையும் தாண்டியது. அனுப்பிய செய்திகளுக்கு நீல டிக் விழுந்ததே தவிர பதில் வரவில்லை. ஒருமுறை கை கூப்பிய பொம்மை மட்டும் வந்தது. சுஐபு போன் போட்டால், "பாய், யூனிட் ஜார்ஜியா வந்துருச்சு. பொருள் ஆபீஸ்ல சேஃபா இருக்கு" என்று விமலிடமிருந்து பதில் வந்தது. எந்த ஆபீஸ் என்று யாருக்கும் தெரியவில்லை. லேத்தில் நின்றபடி ரெங்கராஜ் அந்தப் பேச்சையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த நினைப்பில் ஒரு ஷாஃப்டை அரை மில்லி கூடுதலாகக் கடைந்துவிட்டு, ஃபோர்மேனிடம் திட்டு வாங்கினார்.

மார்ச்சில் ஒரு டிரைவர் பிஸ்கட் டப்பா ஒன்றைப் பட்டறை வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே செய்தித்தாள் சுற்றி நீளமூக்கு இருந்தது. தங்க நிறத்தில்.

ஸ்ப்ரே பெயின்ட். பிடியின் மரம், குழாய், சிலிண்டரின் பள்ளம் எங்கும் விடாமல் அடித்திருந்தார்கள். நீலம் பாய்ந்த அந்தக் கறுப்பு போன இடம் தெரியவில்லை. குதிரையை மெதுவாக இழுத்தார். க்ளிக், க்ளிக். அவ்வளவுதான். சிலிண்டர் பாதி வழியில் லொடலொடவென்று ஆடியது. அவர் எழுதிக் கொடுத்த தாளும் டப்பாவுக்குள் இருந்தது, வைத்த மடிப்புக் கலையாமல்.

அன்றைக்கு அதிசயமாக விமல் போனை எடுத்தான்.

"என்ன தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க?"

"அண்ணே, டென்ஷன் ஆகாதீங்க. கறுப்பு கேமராவுல எடுபடலன்னு சார் ஃபீல் பண்ணாரு. கோல்டு கேட்டாரு. மாஸா இருக்கும், பாருங்க. படம் வந்ததும் ஊரே உங்க துப்பாக்கியப் பத்தித்தான் பேசும்."

சொல்ல வேண்டியது நெஞ்சு வரைக்கும் வந்தது. ஸ்பிரிங், மணல், கயிற்றுக்கு வெளியே நின்ற மூன்று மணி நேரம். ஆனால் வாயில் வந்தது "சரி தம்பி" மட்டும். போனை வைத்த பிறகு தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

அன்றே தின்னர் போட்டுத் துடைத்திருக்கலாம். ஸ்பிரிங்கை அவரே செய்து போட்டிருக்கலாம், அது அவர் கைத்தொழில். செய்யவில்லை. படம் வரட்டும் என்று வைத்தார். தங்க நிறத்தில்தான் அது படத்தில் பேர் வாங்கப் போகிறதென்றால், அந்தத் தங்கத்தை அழிக்கத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தார். எட்டு மாதம் அப்படியே லாக்கரில் கிடந்தது.

நவம்பரில் படம் வந்தது. சுஐபோடு முதல் காட்சிக்குப் போனார். சண்டைக் காட்சிகளில் எல்லாம் பெரிய பெரிய இயந்திரத் துப்பாக்கிகள். இடைவேளை தாண்டி, ஒரு கனவுப் பாட்டில் நீளமூக்கு வந்தது. ஹீரோ அதை ஒருமுறை சுற்றினார். வெயில் பட்டுத் தங்கமாக ஒரு மின்னல், பின்னால் நாற்பது பேர் ஆட்டம். எண்ணிப் பார்த்தால் ஏழு விநாடி இருக்கும். சிலிண்டரும் தெரியவில்லை, குதிரையும் தெரியவில்லை. அதற்குப் பதில் ஒரு தங்க மூங்கில் துண்டைக் கொடுத்திருந்தாலும் போதும். பேர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை கூட்டிப் பெருக்க வந்தவர் பக்கத்தில் காத்து நின்றார். ரெங்கராஜ் என்ற பேர் வரவேயில்லை.

"நாந்தேன் குடுக்கச் சொன்னேன். எம்மேல தப்பு" என்றார் சுஐபு, வாசலில்.

"விடுங்க பாய்" என்றார் ரெங்கராஜ். விட முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பட்டறையில் ஆள் இல்லை. தின்னர் டப்பாவையும் கை துடைக்கும் பனியன் வேஸ்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கம் சுலபமாகவே கரைந்து வந்தது. ஆனால் அடியில் கறுப்பு இல்லை. பெயின்ட் பிடிக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். வெறும் இரும்பு, கீறல் கீறலாக வெளுத்துத் தெரிந்தது. பழைய நீளமூக்கும் போயிற்று, படத்தில் வந்ததும் போயிற்று. வேஸ்டைத் தூக்கி மூலையில் எறிந்தார். பிறகு எழுந்து போய் எடுத்து வந்தார்.

அந்நேரம் உமாராணி வீடியோவில் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, நேத்து புள்ளைகளோட படத்துக்குப் போனேன். உங்க துப்பாக்கிய பாத்துட்டேன்! தகதகன்னு தங்கமா மின்னுச்சு. எங்க வீட்டுக்காரரோடதுன்னு பக்கத்து சீட்டுக்காரிகிட்டயே சொல்லிட்டேன். யாரும் நம்ப மாட்டேங்கிறாக. அதக் கையில புடிச்சு ஒரு போட்டோ அனுப்புங்க."

இத்தனை வருடத்தில் முன்னால் 'பொம்ம' என்று சேர்க்காமல் அவள் அதைத் துப்பாக்கி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"தங்கம் போயிருச்சு" என்றார்.

"போயிருச்சா? எப்புடி?"

"நான்தான் அழிச்சேன். இப்பத்தான்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. "நல்லா இருந்ததப் போயி... உங்கள என்னன்னு சொல்றது?" என்றாள். பின்னால் மகன் கூப்பிட்டான். "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

சிலிண்டரின் ஆறு பள்ளங்களிலும் இன்னும் தங்கம் மிச்சமிருந்தது. விட்டாலும் அசிங்கம், எடுத்தாலும் பழையபடி ஆகப் போவதில்லை. ரெங்கராஜ் பழைய பல்விளக்கும் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து, தின்னரில் தோய்த்து, முதல் பள்ளத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.