கடைசி மடிப்பு

“இப்படி மடங்குற உடம்புக்கு நாற்காலி எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டேன், அது…”

“கதவிடுக்குல ஒளிஞ்சு நின்னு போன்ல படம் எடுத்தீங்களே, முதல்ல அதைப் பேசுங்க…”

“…அது குத்தமா சார்? நீங்களே பாத்தீங்கல்ல? தலை போய் முழங்கால்ல ஒட்டுது. இவளுக்கு உடம்பெல்லாம் வலியாம்! நடிப்பு சார். சுத்த நடிப்பு.”

“எத்தனை நிமிஷப் படம்க்கா அது?”

“எத்தனையா இருந்தா உனக்கென்ன?”

மேலாளர் இரண்டு கைகளையும் தூக்கினார். “யாராவது ஒருத்தர் பேசுங்கம்மா!”

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை நிலையத்தின் மடிப்பறை அது. மதிய இடைவேளை என்பதால் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. சண்டை போட்ட இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீட்டில் மாடியில் மூத்தவள், கீழ்வீட்டில் இளையவள். மூத்தவள் மடிப்பறையின் மேற்பார்வையாளர். இளையவள் அவளுக்குக் கீழே விரிப்பு மடிப்பவள்.

இளையவளுக்கு ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெல்லாம் வலிக்கும் நோய். எக்ஸ்ரேயில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது. பெயர் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் பிடித்தது. காலையில் எழுந்தால், தூங்கும்போது யாரோ அடித்துத் துவைத்துப் போட்டது போலிருக்கும். ரவிக்கைத் தையல் தோளில் உரசினாலே சுள்ளென்னும். டாக்டர் கடிதம் கொடுத்து மடிப்பு மேசையருகே ஒரு நாற்காலி வந்தது. காலையில் யோகா, வேலையில் நாற்காலி, இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்கு ஒரு நாள் ஓடும்.

மூத்தவள் அந்த யோகாவைப் படமெடுத்து மேலாளரிடம் காட்டிய அன்றே நாற்காலி சாமான் அறைக்குப் போனது. போய்ப் பதினோரு நாள்.

“முப்பது விநாடி சார் அந்தப் படம்,” என்றாள் இளையவள். “நான் தினமும் செய்யறது அம்பது நிமிஷம். இவங்க எடுத்தது கடைசி முப்பது விநாடி.”

கடைசியை மட்டும் பார்ப்பது மூத்தவளின் இருபது வருடப் பழக்கம். அடுக்கி வைத்த விரிப்புகளின் வெளிப்பக்கத்துக் கடைசி மடிப்பை மட்டும் பெருவிரலால் ஒரு தடவு தடவுவாள். நேராக இருந்தால் அடுக்கு சரி. உள்ளே எப்படி மடித்தார்கள், எத்தனை முறை பிரித்து மடித்தார்கள் என்று பார்த்ததே கிடையாது. கதவிடுக்கிலும் அப்படித்தான். கடைசி ஆசனம் மட்டும்தான் அவள் கண்ணில் விழுந்தது.

“முழுசையும் இங்கேயே காட்டுறேன் சார்.”

“இடைவேளையே ஒரு மணி நேரம்தானேம்மா. சாப்பிட வேண்டாமா?”

“எனக்குச் சாப்பாடு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு வேணும். முடியற வரைக்கும் அக்கா நின்னு பாக்கணும். எதுலயும் சாயக் கூடாது. நான் பதினோரு நாள் நின்ன மாதிரி.”

“நிக்கிறேன். நான் என்ன புதுசா நிக்கப் போறேன்? இருபது வருஷமா நிக்கிறவ!”

“மூட்டை மேல,” என்றாள் ரேடியோ, சோற்றுப் பாத்திரத்திலிருந்து முகத்தை எடுக்காமல். கூட மடிப்பவள்; வாய் ஓயாமல் பேசும் அவளுக்கு அந்த நிலையத்தில் வேறு பெயர் கிடையாது. “அழுக்கு மூட்டையில சாஞ்சா அது உக்காந்த கணக்குல வராது சார். நாங்க சாஞ்சா வரும்.”

“நீ வாயை மூடிட்டுச் சாப்பிடு!”

“வாயை மூடிட்டு எப்படிக்கா சாப்பிடறது?”

மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். “சரி. ஆரம்பிங்க.”

இளையவள் கிழிந்த விரிப்பொன்றைத் தரையில் போட்டாள். உட்காரவே மேசைக்காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒருக்களித்து, முழங்கை ஊன்றி, மல்லாந்து படுத்தாள். இன்னொரு விரிப்பைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்தாள். பிறகு மூச்சை எண்ணினாள்.

“தூங்குறா சார்,” என்றாள் மூத்தவள்.

“இருபத்தொண்ணு,” என்றாள் இளையவள், கண்ணைத் திறக்காமல்.

வீட்டில் நாற்பது மூச்சோடு அடுத்ததுக்குப் போய்விடுவாள். இன்றைக்கு அறுபது எண்ணினாள். மனதை வெறுமையாக வைக்க வேண்டும் என்பது அவளுடைய யோகா டீச்சரின் பாடம். அவள் மனதிலோ மூத்தவளின் இரண்டு முழங்கால்கள் இருந்தன. மாடிப்படி ஏறும்போது அவை நொறுநொறுவென்பது கீழ்வீட்டுக்காரிக்குத் தெரியாதா என்ன?

ஒரு காலை மடித்து மார்புக்குக் கொண்டுவந்தாள். பாதி வழியில் நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்டே?” என்று கேட்டார் மேலாளர்.

“வலி ஆரம்பிக்கறதுக்கு ஒரு விரக்கடை முன்னாடியே நின்னுக்கணும் சார். தாண்டினா ரெண்டு நாள் படுக்கை. அங்கேயே மூச்சு விட்டா அது தானா கொஞ்சம் வழி விடும்.”

“வலி என்ன போலீஸா, வழி விட?” என்றாள் மூத்தவள். ஆனால் குரல் முன்போல் ஏறவில்லை. உடம்பின் கனத்தை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றினாள்.

இளையவள் அதைப் பார்த்தாள். அடுத்த காலுக்கு இன்னும் பத்து மூச்சு கூட்டினாள்.

பிறகு பூனைபோல் நான்கு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்தினாள். கை நடுங்கியது. உதட்டின் மேல் வியர்த்தது. அவள் இழுத்தது நேரத்தை மட்டும்தான். நடுக்கம் அதுவாக வந்தது. ரேடியோ சாப்பிடுவதை விட்டுவிட்டாள்.

“முப்பத்தஞ்சு நிமிஷம்,” என்றார் மேலாளர், தனக்குத்தானே சொல்வது போல.

“சார், ஒரு நிமிஷம் அந்த மூட்டையில…” மூத்தவள் கையை நீட்டினாள்.

“சாயக் கூடாதுக்கா,” என்று தரையிலிருந்து குரல் வந்தது. “இன்னும் மடிச்சு முடிக்கலை.”

மூத்தவளின் கை திரும்பியது. நெற்றியிலிருந்து ஒரு துளி மூக்கு நுனிக்கு இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினால் தடுமாறிவிடுவோமோ என்று அவள் துடைக்கவில்லை.

கடைசியாக இளையவள் கால்களை நீட்டி உட்கார்ந்தாள். விரிப்பைப் பாதங்களைச் சுற்றிக் கொடுத்து இரு முனைகளையும் பிடித்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு பிடி முன்னே போனாள். கை, தோள், கழுத்து என்று ஒவ்வொன்றாக இறங்கியது. நெற்றி முழங்காலைத் தொட்டது.

“அக்கா,” என்றாள் அங்கிருந்தபடியே. “இப்ப எடுங்க படம்.”

மூத்தவள் போனைத் தேடவில்லை. அவளுடைய இரு கைகளும் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. முழங்கால்கள் வெளியே தெரியும்படி ஆடின.

“ரேடியோ,” என்றார் மேலாளர். “சாமான் அறைக்குப் போய் அந்த நாற்காலியை எடுத்துட்டு வா. இனி அதை யாரும் தொடக் கூடாது.”

ரேடியோ ஓடினாள். கொண்டுவந்த நாற்காலியை இளையவள் முன் போட்டாள். அதைப் பிடித்து மெல்ல எழுந்தாள் இளையவள். உட்காரவில்லை. தரையில் உரசும் சத்தத்தோடு அதைத் தள்ளிக்கொண்டு போய் மூத்தவளுக்கு எதிரே நிறுத்தினாள்.

மூத்தவள் பாய்ந்து அதன் கைப்பிடியைப் பற்றினாள். நாற்காலி நகரவில்லை. அதன் முதுகை இளையவள் இறுகப் பிடித்திருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணைச் சொல்லிட்டு உக்காருங்கக்கா. நிஜமாவே வலிக்குதா, இல்ல நடிக்கிறீங்களா?”