சத்தமில்லாதபோது அழுத்தியவர்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க வேண்டாம்.

போன மாதம் காதுச் சோதனைக்குப் போயிருந்தேன். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். "சத்தம் கேட்டா அழுத்துங்க. எவ்வளவு மெதுவா கேட்டாலும் அழுத்துங்க." அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பரீட்சையில் பார்த்து எழுதுபவனைக் கையும் களவுமாகப் பிடித்த வாத்தியார் பார்வை அது. அவர் எந்தச் சத்தத்தையும் அனுப்பவில்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

பதினோரு வருடமாக என் காதுக்குள் இருக்கும் சத்தத்தை அவர் நம்பவில்லை. சரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு வந்து அதை அவருக்கே கொடுத்துவிட்டேன். கூடவே என் தலைவலியையும். கதை எழுதுகிறவனால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "காதுக்குள் ஒரு வண்டு புகுந்ததுபோல அவள்—" வேண்டாம். எல்லார் கதையிலும் வண்டு வந்துவிட்டது.

இரண்டாவது: "வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி—" இதுவும் வேண்டாம். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் ஆணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். "லைட்டை அணை" என்பார்கள்.

மூன்றாவது: காது சோதிப்பவள் தன் வீட்டு ஃபிரிட்ஜை அணைத்தாள்.

இது இருக்கட்டும்.

3

ஃபிரிட்ஜை அணைத்தாள், சத்தம் போகவில்லை. மின்விசிறியை அணைத்தாள். கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினாள். குக்கர் விசிலடிப்பதற்கு முன் ஒரு சீறல் வருமே, அது இடது காதில், விசில் வராமலே, நாலு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். வந்தால் வாந்தி, இருட்டறை, மறுநாள் மதியம் வரை ஆள் எதற்கும் ஆக மாட்டாள்.

போன் சார்ஜ் ஏறவில்லையே என்று கணவன் எழுந்து வந்தான்.

"எதுக்கு இப்ப மெயினை ஆஃப் பண்ணே?"

"சத்தம் கேட்குது."

"எனக்கு ஒண்ணும் கேட்கலையே."

"எனக்குக் கேட்குதுங்க."*

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரியில சாப்பாட்டு நேரத்துல யாருக்கும் தெரியாம நீயே உன் காதை டெஸ்ட் பண்ணிப் பார்த்தியே, அதுலயும் ஒண்ணுமில்ல. எங்க அக்கா வர்ற அன்னிக்குன்னு பார்த்து மட்டும் தலைவலி எப்படித்தான் வருதோ!"

நாத்தனார் வரும் நாட்களில் வருவது உண்மைதான். (இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. நான் கொடுத்த தலைவலியை இவள் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறாளோ? இல்லை, முந்தின நாள் முழுக்கச் சாப்பிடாமல் வீட்டைத் துடைத்துக்கொண்டிருப்பதால் வருகிறதோ? அவளிடமே கேட்டேன். பதில் இல்லை. நான் இடது காதுப் பக்கம் நின்றிருந்தேன்.)

* "எனக்குக் கேட்கிறது" என்றுதான் தமிழில் சொல்ல முடியும். சத்தம் வெளியே எங்கோ இருக்கிறது, என்னிடம் வந்து சேர்கிறது என்ற தொனி அதில் உண்டு. காதுக்குள்ளேயே பிறக்கும் சத்தத்துக்கும் அதே சொல்தான். அதனால்தான் "எங்கேருந்து?" என்று உடனே கேட்டுவிடுகிறார்கள்.

4

இனி தகடுக்காரர். இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் இருபது வருடமாக மெஷின் ஓட்டுகிறவர். எட்டு மாதத்துக்கு முன், அவளுக்குச் சத்தம் வருவதற்கு முன்னால், இவர் தன் காதுச் சத்தத்தோடு அவளிடம் வந்தார். சத்தம் உண்மைதான் என்று சோதனை முடிவு வந்தால் மெஷினிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றுவார்கள். அவள் ஒன்றும் அனுப்பாதபோது ஏழு முறை அழுத்தினார். அவள் எழுதினாள்: "பதில்கள் நம்பத்தக்கவை அல்ல."

அவளுடைய தொழிலில் அது சாதாரண வாசகம். சோதனை சரியாக அமையவில்லை, இன்னொரு முறை செய்ய வேண்டும் என்று பொருள். பட்டறை அலுவலகத்தில் ஆள் நம்பத்தக்கவர் அல்ல என்று படித்துவிட்டார்கள். (அவளும் அப்படி நினைத்துத்தான் எழுதினாள். யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.)

இன்று காலை மறுபடி வந்திருந்தார்.

"ஞாபகம் இருக்காம்மா? பட்டறையில இப்ப என் பேரே நடிகர்தான்."

"நான் அப்படி எழுதலைங்க."

"நீங்க எழுதலை. அவங்க படிச்சாங்க." ஜன்னலில் இழுத்து மூடிய திரையைப் பார்த்தார். "உங்களுக்கும் தலைவலியா?"

அவள் ஹெட்போனைக் கையில் எடுத்தாள். எப்படித் தெரிந்தது? யாராவது சொன்னார்களா? இரக்கத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறாரோ?

அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து மாட்டினாள். ஒன்றும் அனுப்பாமல் காத்திருந்தாள். அழுத்தினார். அவள் தலை தானாக நிமிரத் தொடங்கியது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய்க் கதவைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"இப்பக் கேட்குதா?"

"எப்பவும் கேட்குதும்மா. எது உங்க சத்தம், எது என் சத்தம்னே தெரியலை. அழுத்தினா பொய்ங்கறீங்க. அழுத்தலைன்னா செவிடு மாதிரி நடிக்கிறான்னு சொல்லுவீங்க. நான் என்னதாம்மா செய்யறது?"

ஹெட்போனை மறுபடி மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, விட்டு விட்டு ஒலிக்கும் சத்தத்தை அனுப்பினாள். தன் காதை ரகசியமாகச் சோதித்தபோது, ஓயாத சீறலிலிருந்து அதை மட்டும்தான் அவளால் பிரித்தறிய முடிந்தது. இந்த முறை ஒன்றுகூடத் தப்பாமல் அழுத்தினார். வரைபடம் கேள்விக்கு இடமில்லாமல் வந்தது, அவளுடையதைப் போலவே. செவியில் குறையில்லை. காதுக்குள் சத்தம் உண்டா என்று எழுத அந்தச் சோதனை மெஷினில் இடம் கிடையாது. அதற்கு அவர் வாய்ச்சொல் மட்டும்தான்.

5

முடிவு அ: "இவர் சொல்வது உண்மை" என்று எழுதுகிறாள். அவர் ஸ்டோர் ரூமுக்குப் போகிறார். எல்லாம் சுபம். (இவ்வளவு சுலபமா? நம்ப மாட்டேன். எப்படித் தெரியும் என்று பெரிய டாக்டர் கேட்பார். "எனக்கும் கேட்குது, சார்" என்பதைத் தவிர அவளிடம் பதில் இல்லை. காதில் சத்தம் வைத்திருப்பவளைக் காது சோதிக்கும் நாற்காலியில் எவ்வளவு நாள் உட்காரவைப்பார்கள்?)

முடிவு ஆ: தகடுக்காரர் படியிறங்கியதும் போனை எடுத்து, "வேலை முடிஞ்சுது" என்று கிசுகிசுத்துச் சிரிக்கி— (எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இது அவள் கணவன் எழுதியிருக்க வேண்டிய முடிவு.)

முடிவு இ எழுத உட்கார்ந்தேன். அவளுடைய கம்ப்யூட்டர் திரையில் "அவர் சொல்வது" என்று இருக்கிறது. அடுத்த சொல்லில்தான் அவருக்கு மெஷினா ஸ்டோர் ரூமா என்பது இருக்கிறது, அவள் நாற்காலியும் இருக்கிறது. அவளுக்கு வலது கண்ணில் வலி ஏறத் தொடங்கிவிட்டது. நான் கொடுத்த வலி. திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அவளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகவே அவளை எழுப்பிவிட்டேன். அவள் நாற்காலி காலியாக இருக்கிறது, படிக்கிற நீங்கள் வந்து உட்காருங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தகடுக்காரர் இருக்கிறார், பக்கத்தில் அவள், மூலையில் இடம் இருந்தால் நானும். நீங்கள் இன்னும் எந்தச் சத்தமும் அனுப்பவில்லை.

பொத்தானை அழுத்திவிட்டோம். தலை நிமிர்ந்து எங்களை எப்படிப் பார்க்கப்போகிறீர்கள்?